என்டரை யார் தட்டுவது

1. ஒரே கேள்வி, இரண்டு பதில்

கேரள எல்லையோர முதலமடையில் ஒரு மாங்காய் பேக்கிங் ஷெட். அங்கே இருந்த கணினியிடம் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். உன்னிடம் இருக்கும் நோட் எந்த வெர்ஷன்? கறுப்புத் திரையில் node -v என்று தட்டிக் கேட்டால் பதினாறு என்றது. லேபிள் அடிக்கும் புரோகிராமின் ஐகானைத் தட்டினால், ‘உங்களிடம் இருப்பது பத்து, எனக்கு இது போதாது’ என்று சிவப்பில் எழுதிக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. மறுபடி கறுப்புத் திரைக்குப் போனேன். பதினாறு. மறுபடி ஐகான். பத்து. ஒரே பெட்டி, ஒரே மானிட்டர், ஒரே கரண்ட். எனக்குத் தலை சுற்றியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் அதே கதைதான்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சிஸ்டம் செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெயர் கோமதி. வீட்டில் சும்மா இருந்தால் மருமகளோடு சண்டை வரும் என்று, கூப்பிடுகிற இடத்துக்கு ஸ்கூட்டரில் போய்க் கணினி பார்த்துக் கொடுக்கிறேன். சீசனில் மாங்காய் ஷெட்டுகள், மற்ற மாதங்களில் எடை மேடைகளும் அரிசி மில்களும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், இதிலெல்லாம் என்ன குழப்பம் வரப்போகிறது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். குழப்பம் வரும். என்னைப் போல முடி நரைத்தவளுக்கும் வரும்.

நோட் என்பது புரோகிராம் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஒரு கருவி. எழுதிய புரோகிராம் ஓடுவதும் அதன் மேல்தான். லினக்ஸ் கணினியில் இதை நாமே கையால் கொண்டுபோய் வைப்பதில்லை. கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் பேக்கேஜ் மேனேஜர் என்ற ஒன்று நெட்டிலிருந்து இறக்கி, வைக்க வேண்டிய இடத்தில் வைக்கும். எடு என்றால் எடுக்கும். லாரிச் சரக்கை இறக்கி அடுக்குகிற மேஸ்திரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்கல் என்னவென்றால் ஊரில் மேஸ்திரி ஒருவர் அல்ல. ஆப்ட் என்று ஒருவர், ஸ்னாப் என்று ஒருவர், என்.வி.எம். என்று ஒருவர். ஒருவர் எங்கே எதை வைத்தார் என்று மற்றவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார்.

2. பெயர் வேண்டும் என்று உட்கார்ந்திருந்த அக்கா

என் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பழக் கிரேட் மேல் உட்கார்ந்திருந்தார் சுப்பாத்தாள் அக்கா. கணவர் போன பிறகு தனியாகத் தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர். எங்கள் பக்கத்தில் மரம் பூக்கும் முன்பே வியாபாரி வந்து தோப்பைக் குத்தகைக்குப் பேசிவிடுவார். அதன் பிறகு மருந்தடிப்பது, பறிப்பது, விற்பது எல்லாம் அவர் பாடு. பழம் யாருடைய தோப்பில் காய்த்தது என்று கப்பல் ஏறிப் போய்ச் சேரும் ஊரில் எவருக்கும் தெரியாது. சுப்பாத்தாள் அக்காவின் தோப்பை வருடா வருடம் எடுத்துக்கொண்டிருந்தவர் வேலுச்சாமி. இந்த வருடம் அக்கா கொடுக்கவில்லை. தானே மருந்தடித்து, தானே ஆள் வைத்துப் பறித்து, தானே ஷெட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் லேபிளை மாற்றியிருந்தார்கள். புதிய லேபிளில் விவசாயியின் பெயரும் தோப்பும் வரும், ஸ்கேன் செய்தால் அவர்களுக்குத் தெரியும். பழைய லேபிளில் வியாபாரியின் பெயர் மட்டும்தான். புதிய லேபிளை அடிக்கும் புரோகிராமுக்குப் புதிய நோட் வேண்டும். அதைப் போடத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“லேபிள் வரலீன்னா என்னுங்க ஆகும்?” என்று கேட்டேன்.

“என்ன ஆகும்? குளிர் லாரி மத்தியானம் கெளம்பீருமுங்க. பழத்தத் திரும்ப ஊட்டுக்கா கொண்டுபோக முடியும்? வேலுச்சாமி பழத்தோட சேத்து, அவரு பேர்ல போட்டு உட்ருவாங்க” என்றார் அக்கா. பிறகு சேலைத் தலைப்பால் விரல்களைத் துடைத்துக்கொண்டே, “அப்பறம் அடுத்த வருசம் அந்த ஊர்க்காரங்க பழம் வேணும்னு கேட்டா அவரத்தான கேப்பாங்க? நாம் பாடுபட்டது நமக்கே தெரியாமப் போயிருமுங்க அம்மிணி” என்றார்.

மாங்காய்ப் பால் அவ்வளவு சுலபத்தில் துடைத்தால் போகாது. அவர் விரல் நுனிகள் கறுத்துப்போயிருந்தன.

லேபிள் புரோகிராம் விற்ற கம்பெனிக்குப் போன் போட்டேன். கொச்சியிலிருந்து ஒரு பையன் பேசினான். “மேடம், பழைய நோட் மொத்தமும் ரிமூவ் செய்யணும். பின்ன ஃப்ரெஷ்ஷா ஒண்ணு போட்டா மதி” என்றான். மதி என்றால் போதும். சொல்ல எளிது. நானும் எளிது என்றுதான் நினைத்தேன்.

3. மஞ்சள், பச்சை, வெள்ளை

sudo apt remove nodejs என்று தட்டினேன். இன்ன இன்ன சாமான்களை எடுக்கப்போகிறேன், தொடரட்டுமா என்று திரை கேட்டது. என்டர் தட்ட விரலை நீட்டினேன்.

“அம்மிணி, கையை எடுங்க!”

பின்னால் நின்றவர் ஷெட் மேனேஜர் பழனிச்சாமி அண்ணன். ஏதோ வயரில் கரண்ட் அடிக்கிறதோ என்று நானும் கையை இழுத்துக்கொண்டேன்.

“என்னுங்கண்ணா?”

“அது வேலுச்சாமி ஐயா போட்டதுங்க. அவரு ஆளு வந்து போட்டுட்டுப் போனாப்ல. அடுத்தவங்க அட்டியில நாம கை வெக்கக் கூடாதுங்க.”

எனக்கு விளங்கவில்லை. அவர் மானிட்டரின் விளிம்பைக் காட்டினார். அங்கே ஒரு மஞ்சள் பெயின்ட் கோடு, ஒரு பச்சைப் பொட்டு, ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைத் தீற்றல். ஷெட்டில் பெயின்ட் அடிக்கும்போது சிந்தியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷெட் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே பல பேருடைய பழம் ஒரே கூரையின் கீழ் அடுக்கப்படுகிறது. அந்த அடுக்குக்குத்தான் அட்டி என்று பெயர். வேலுச்சாமியின் கிரேட்டில் மஞ்சள் கோடு இருக்கும், ராஜேட்டன் என்ற இன்னொரு வியாபாரியின் கிரேட்டில் பச்சைப் பொட்டு. ஒருவர் அட்டி வழியை மறித்துக்கொண்டு நின்றாலும் வேறொருவர் அதை நகர்த்தக் கூடாது. அட்டிக்காரரே வந்து முதல் கிரேட்டைத் தூக்க வேண்டும். அவர் தூக்கிவிட்டால் மிச்சத்தை யார் வேண்டுமானாலும் தூக்கலாம். பழம் கலந்துபோய்ப் பெரிய சண்டைகள் வந்த காலத்திலிருந்து இந்தக் கட்டுப்பாடு. சரி, மாம்பழத்துக்கு இது நல்ல வழக்கம்தான். கம்ப்யூட்டருக்கு எதற்கு?

“அண்ணா, இது பழமில்லீங்க. நோட்டு. அழுகாது, கலக்காது.”

“எதா இருந்தா என்னுங்க? அவரு வெச்சது அவரு எடுக்கோணும். கூப்புடறனுங்க, இருங்க.”

இப்படியும் ஒரு ஷெட்டா என்று எரிச்சலாக வந்தது. கஞ்சிக்கோட்டில் நான் எத்தனையோ மென்பொருளை எடுத்தெறிந்திருக்கிறேன், ஒருத்தரும் வந்து உரிமை கொண்டாடியதில்லை. ஆனால் ஷெட் அவருடையது. நான் வந்து போகிறவள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

4. முதல் கிரேட்

வேலுச்சாமி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். என்னைப் பார்க்கவில்லை. சுப்பாத்தாள் அக்காவைப் பார்த்தார்.

“ஏனக்கா, தோப்பத்தான் குடுக்கல. இப்ப என்ற நோட்டையும் எடுக்கச் சொல்றீங்களாக்கும்?”

“நான் எங்கீங்க சொன்னேன்? இந்த அம்மிணிதான் சொல்லுது” என்று அக்கா என்னைக் கைகாட்டிவிட்டார்.

வேலுச்சாமிக்கு இதில் லாபம் எந்தப் பக்கம் என்பது எனக்கே தெரிந்தது. அவர் என்டரைத் தட்டாமல் போய்விட்டால் போதும். லாரி கிளம்பும் நேரத்தில் அக்காவின் பழம் தானாகவே மஞ்சள் கோட்டுக்கு வந்துவிடும். அவரும் அதைக் கணக்குப் போட்டுக்கொண்டுதான் நின்றார். “பாக்கலாம், பாக்கலாம், என்ற ஆளுகிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று இழுத்தார்.

பழனிச்சாமி அண்ணன் குரலை உயர்த்தவில்லை. “லாரி வந்து நிக்குதுங்க ஐயா. லாரி நிக்கும்போது அட்டி வழியில இருந்தா, எடுத்துத்தான் ஆகோணும். போன வருசம் உங்க லாரிக்கு ராஜேட்டன் எடுத்துக் குடுத்தாருங்களே” என்றார்.

வழக்கத்துக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அடுத்தவர் தொடக் கூடாதுதான். ஆனால் லாரி காத்து நின்றால் அட்டிக்காரர் மறுக்கவும் கூடாது. வேலுச்சாமி முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தார். “எதைத் தட்டோணும்?” என்றார். காட்டினேன். கிரேட்டைத் தூக்குகிறவர் போல முழங்கையெல்லாம் இறுக்கிக்கொண்டு என்டரைத் தட்டினார். திரையில் வரிகள் ஓடி நின்றன.

நான் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள ஆளாக, உள்ளே போய்த் திறந்து வைத்திருந்த இன்னொரு கறுப்புத் திரை இருந்தது. எடுப்பதற்கு முன்னால் அங்கேயும் பத்து என்று பார்த்து வைத்திருந்தேன். இப்போது அதில் கேட்டேன். /usr/bin/node என்று ஒரு கோப்பே இல்லை என்றது. அப்பாடா, தொலைந்தது பத்து. ஐகானைத் தட்டினேன்.

‘உங்களிடம் இருப்பது பதினான்கு, எனக்கு இது போதாது.’

பதினான்கா? அது எங்கிருந்து வந்தது? இந்தக் கணினியில் பத்தைப் பார்த்தேன், பதினாறைப் பார்த்தேன். பதினான்கை நான் பார்க்கவே இல்லை. ஒரு திரை நோட்டே கிடையாது என்கிறது. இன்னொரு திரை பதினாறு என்கிறது. ஐகான் பதினான்கு என்கிறது. சூடாக ஒரு டீ வாங்கி வரச் சொன்னேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

டீ பாதி குடித்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. கறுப்புத் திரை ஒரு சாமானை ஒரு முறை ஓர் இடத்தில் கண்டுவிட்டால் அந்த விலாசத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். வீட்டைக் காலி செய்துகொண்டு போனவரைப் பழைய வாசலிலேயே போய்த் தட்டிவிட்டு, ஆளே இல்லை என்று திரும்பி வருகிற தபால்காரர் போல. hash -r என்று தட்டினால் மனப்பாடத்தை மறந்துவிடும். தட்டினேன். மறுபடி கேட்டேன். இப்போது அந்தத் திரையும் பதினான்கு என்றது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் ஸ்னாப் வைத்த இடத்தைக் காட்டியது.

அதாவது பத்து முன்னால் நின்றுகொண்டிருந்ததால் பதினான்கு பின்னால் மறைந்து கிடந்திருக்கிறது. மஞ்சள் கோடு போனதும் பச்சைப் பொட்டு தெரிகிறது.

5. ராஜேட்டனுடையதும் போனது, எல்லாமும் போனது

ராஜேட்டன் பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி. சிரித்த முகம். பழனிச்சாமி அண்ணன் போன் போட்டதும் வந்தார். வேலுச்சாமி முகத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “எடுக்கணுமா? எடுத்தோ. எனக்கு பிரஸ்னம் ஒண்ணும் இல்லா” என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து, sudo snap remove node என்று நான் தட்டி வைத்ததற்கு என்டரைத் தட்டினார். ஸ்னாப் தொடரட்டுமா என்றெல்லாம் கேட்காது. கட்டளை போனதும் எடுத்துவிடும். ராஜேட்டனுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம். “இத்தரயேயுள்ளூ?” என்றார், இவ்வளவுதானா என்கிற மாதிரி.

ஐகானைத் தட்டினேன். திறந்தது, உடனே மூடிக்கொண்டது. சிவப்பு எழுத்துகூட இல்லை. இன்னொரு முறை தட்டினேன். அதே போலத்தான். உள்ளே நுழைந்து பார்த்தால், நோட் என்ற ஒன்றே கிடைக்கவில்லை என்று புலம்பியிருந்தது. கறுப்புத் திரையிலோ பதினாறு குத்துக்கல் போல உட்கார்ந்திருக்கிறது. ஆப்டிடம் கேட்டேன். என்னிடம் நோட் இல்லை என்றது. ஸ்னாப்பிடம் கேட்டேன். என்னிடமும் இல்லை என்றது. அப்படியானால் பதினாறு யாருடையது?

இதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. புதிய லேபிள்தான் வரவில்லை என்று இருந்தோம். இப்போது பழைய லேபிளும் நின்றுபோனது, ஏனென்றால் அதுவும் அதே நோட் மேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழத்தைத் தரம் பிரிக்கும் கிரேடிங் பெல்ட்டை நிறுத்தினார்கள். பெட்டிகள் லேபிளில்லாமல் வரிசையாக நின்றன. வெளியே லாரி டிரைவர் ஹாரன் அடித்தார்.

வேலுச்சாமிக்குக் கோபம் வந்தது. “என்ற கையாலயே என்ற அட்டிய எடுக்க வெச்சு, இப்ப என்ற பழத்தையும் நிறுத்திப்போட்டீங்க. நல்லா ரிப்பேர் பண்ணுனீங்கம்மிணி!” அவர் கேட்டதில் தப்பில்லை. ஒன்றை எடுக்க வந்து, இரண்டை எடுத்து, மூன்று பேரையும் நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறேன். சுப்பாத்தாள் அக்கா வாசல் பக்கம் லாரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மானிட்டர் விளிம்பைப் பார்த்தேன். மஞ்சளை எடுத்தாயிற்று. பச்சையை எடுத்தாயிற்று.

“அண்ணா, இந்த வெள்ளை யாரோடதுங்க?”

பழனிச்சாமி அண்ணன் கிட்டே வந்து பார்த்தார். “தெரியலீங்களே. வெள்ளை நம்ம ஷெட்ல யாரு கலரும் இல்லீங்க” என்றார்.

“அது செல்விப் புள்ள வெச்சதுங்க” என்றார் சுப்பாத்தாள் அக்கா. “போன வருசம் குத்தகைப் பணம் வாங்க வந்தப்ப, நான் இங்கதான் உக்காந்திருந்தேன். ஒயிட்னர் பாட்டில எடுத்துத் தொட்டு வெச்சுட்டு என்னையப் பாத்துச் சிரிச்சுது.”

6. மூன்றாவது அட்டி

செல்வி முன்பு இந்தக் கணினியில் உட்கார்ந்திருந்த பெண். இடுக்கி தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களின் மகள். சீசனுக்கு இங்கே வந்து தங்கி வேலை பார்த்துவிட்டு, இப்போது மூணாறு பக்கம் ஒரு ரிசார்ட்டில் இருக்கிறாள். பழனிச்சாமி அண்ணனிடம் நம்பர் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டோம்.

“ஆமாக்கா, நாந்தேன் போட்டேன்” என்றாள் செல்வி. “அவுக ரெண்டு பேரும் அவுகவுக ஆளக் கூட்டியாந்து போட்டுட்டுப் போயிட்டாக. எனக்கு வேற வெர்ஷன் வேண்டியிருந்துச்சு. ஒண்ண எடுத்தா ஒருத்தரு சண்டைக்கு வருவாக. அதுனால யாரு அட்டியையும் தொடாம என்.வி.எம். வச்சு ஓரமாப் போட்டுக்கிட்டேன். நம்ம ஃபோல்டருக்குள்ளயே கெடக்கும், ஆருக்கும் எடைஞ்சலில்ல.”

“அந்த வெள்ளை?”

“எல்லாருக்கும் கலர் இருந்துச்சுக்கா. நாம போட்டதுக்கும் ஒரு அடையாளம் வேணாமா?” என்றாள். பிறகு, “என்னதையும் எடுக்கணுமாக்கா?” என்று கேட்டாள்.

அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. கொச்சிப் பையன் சொன்னபடி எல்லாவற்றையும் எடு என்றால் இதையும் எடுக்க வேண்டும். விவரத்தைச் சொன்னேன். சுப்பாத்தாள் அக்கா, லாரி, புதிய லேபிள், இப்போது எதுவும் ஓடாமல் நிற்பது, எல்லாம்.

“அட, எடுக்கவே வேணாம்க்கா” என்றாள். “என்.வி.எம்.ல பழசு பக்கத்துலயே புதுசயும் வச்சுக்கிடலாம். எது முன்னால நிக்கணும்னு நீங்க சொன்னாப் போதும். பழசுல நான் போட்டு வச்ச சில்லறச் சாமானையும் புதுசுக்கு மாத்தச் சொல்லீருங்க.”

“அப்பறம் ஐகான் ஏன் பதினாறைக் காட்டலை? கறுப்புத் திரை காட்டுதே?”

“கறுப்புத் திரை தெறக்கும்போது என் ஃபோல்டர எட்டிப் பாத்துட்டுத் தெறக்கும். ஐகானுக்கு அந்த ஓரம் தெரியாதுக்கா. முழு விலாசத்தையும் எழுதிக் குடுங்க, போயிரும்.”

இவ்வளவுதானா என்று இருந்தது. காலையிலிருந்து ஒரு கணினியோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். உண்மையில் அங்கே மூன்று நோட்டுகள் குடியிருந்தன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மேஸ்திரி வைத்தது. ஆப்ட் வைத்ததை ஸ்னாப்பால் எடுக்க முடியாது. ஸ்னாப் வைத்ததை என்.வி.எம். கண்ணால்கூடப் பார்க்காது. வைத்தவரே வந்துதான் எடுக்க வேண்டும். இதைத்தான் பழனிச்சாமி அண்ணன் அரை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம், கிரேட்டை நினைத்துக்கொண்டு. அவருக்குக் கணினி பற்றி ஒன்றும் தெரியாது, இப்போதும் தெரியாது. ஆனாலும் சரியாகத்தான் இருந்தது. அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் குழப்பம்தான்.

7. யாருடைய பெயரில்?

nvm install 20 என்று தட்டினேன். செல்வியின் சில்லறைச் சாமான்களும் சேர்ந்து வருவதற்கான வார்த்தைகளைக் கூடவே போட்டேன். என்டர் மட்டும்தான் பாக்கி.

“இது யாரு போடறதுங்க?” என்றார் பழனிச்சாமி அண்ணன்.

“நான்தாண்ணா போடறேன்.”

“நீங்க போட்டுட்டுப் போயிருவீங்க. நாளைக்கு எடுக்கோணும்னா நாங்க ஆரப் போயித் தேடறது? ஆளில்லாத அட்டி ஷெட்டுக்கு ஆகாதுங்க.”

என்டர் பக்கம் நீட்டிய விரலை இழுத்துக்கொண்டேன். என் வேலை வாழ்க்கையில் எத்தனை கணினிகளில் எத்தனை சாமான்களைப் போட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். எவரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வேலுச்சாமி வேறு பக்கம் பார்த்தார். ராஜேட்டன் சிரித்துக்கொண்டு நின்றார். வெளியே மறுபடி ஹாரன்.

“என்ற பேர்ல போடுங்க” என்றார் சுப்பாத்தாள் அக்கா.

எழுந்து வந்தார். விரலைச் சேலையில் ஒரு முறை துடைத்துக்கொண்டார். “எதுங்க தட்டோணும்?” என்று கேட்டு, காட்டியதும் மெதுவாக அழுத்தினார். அழுத்திய விரலை எடுக்கவில்லை. போதுங்கக்கா என்று நான்தான் கையைப் பிடித்து எடுத்துவிட்டேன்.

நெட் மெதுவாகத்தான் வந்தது. ஒரு கோடு நீண்டுகொண்டே போனது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம், வேலுச்சாமி உட்பட. முடிந்ததும் ஐகானுக்குள் முழு விலாசத்தை எழுதினேன். தட்டினேன். சிவப்பு எழுத்து இல்லை. மூடிக்கொள்ளவும் இல்லை. பிரிண்டர் ஒரு முறை இருமியது, லேபிள் வந்தது. சுப்பாத்தாள், முதலமடை, தோப்பின் பெயர், கீழே கட்டம் கட்டமாகக் குறி.

அக்கா லேபிளை வாங்கி அதிலேயே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ற பேரு இவ்வளவு சிறுசாவா இருக்கும்?” என்றார். முதல் பெட்டியில் தானே ஒட்டினார். மிச்சத்தை மற்றவர்கள் ஒட்டினார்கள். அதே விலாசத்தைக் கொடுத்ததும் பழைய லேபிளும் அதன் பின்னால் ஓடத் தொடங்கியது. லாரி மூன்று பேருடைய பழத்தையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது.

8. எடுக்கப் போய், கூட்டி வைத்தது

அடுத்த வாரம் வேலுச்சாமி போன் செய்தார். அவருடைய நோட்டைத் திரும்ப வைக்க வேண்டுமாம். அது இப்போது எதற்கும் பயன்படாது என்று எவ்வளவோ சொன்னேன். “பயன் இருக்கட்டும், இல்லாமப் போகட்டும். என்ற எடம் காலியாக் கெடக்குதுங்களே” என்றார். போய் வைத்துக் கொடுத்தேன். அவர்தான் என்டர் தட்டினார். ராஜேட்டன் மட்டும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. ஆக, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் வைக்கப் போன நான், கடைசியில் மூன்றை வைத்துவிட்டு வந்திருக்கிறேன்: வேலுச்சாமியின் பத்து, செல்வியின் பதினாறு, அக்காவின் இருபது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கஞ்சிக்கோட்டில் என் கீழே யாராவது இப்படி வைத்திருந்தால் வாங்கு வாங்கு என்று வாங்கியிருப்பேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எடுப்பதற்கு முன்னால், எந்த மேஸ்திரி வைத்தது என்று கேளுங்கள். அவரைக் கொண்டே எடுங்கள். திரை இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள், பழைய விலாசத்தில் தேடியிருக்கும். புதிதாக ஒன்றைப் போடும்போது, நாளைக்கு இதை எடுக்க யாரைக் கூப்பிடுவது என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மாங்காய் ஷெட்டில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது.

போன மாதம் அந்தக் கணினியில் வேறொரு வேலை வந்தது. கீபோர்டைச் சுத்தம் செய்யலாம் என்று துணியை எடுத்தேன். என்டர் கட்டையின் மேல் கறுப்பாக ஒரு விரல் தடம், மாங்காய்ப் பால் காய்ந்து ஊறியது. துடைத்தால் போகவில்லை. ஸ்பிரிட் தொட்டுத் தேய்க்கலாம் என்று பாட்டிலைத் திறந்தேன்.

“அம்மிணி, கையை எடுங்க” என்றார் பழனிச்சாமி அண்ணன். “அது சுப்பாத்தாக்காவோடதுங்க. அவங்க வந்துதான் தொடைக்கோணும்.”

பாட்டிலை மூடி வைத்துவிட்டேன்.